கூட்டினால் பொருந்தாத வோல்ட்டுகள்: மின்தடையமும் மின்தேக்கியும் உள்ள ஏசி சுற்றை அளப்பது எப்படி?

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் முதன்முறையாக ஒரு மின்தடையத்தையும் ஒரு மின்தேக்கியையும் தொடராக இணைத்து, 12 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்து அளந்தபோது, தடையத்தின் இரு முனைகளுக்கு இடையே 7.4 வோல்ட்டும் தேக்கியின் இரு முனைகளுக்கு இடையே 9.4 வோல்ட்டும் வந்தன. கூட்டினால் 16.8. கொடுத்ததோ 12. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, குறிப்பேட்டில் 9.4 ஐ அடித்துவிட்டு 4.6 என்று எழுதி, கூட்டுத்தொகையைப் பிசகில்லாமல் 12 ஆக்கிக் கொடுத்தேன். ஆசிரியர் அந்த ஓர் எண்ணை மட்டும் சிவப்பு மையால் சுழித்து, "இதை எங்கே அளந்தாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மீட்டர் சரியாகத்தான் காட்டியது. என் கூட்டல்தான் தவறு.

இந்த இடத்தில் தடுமாறாத புதியவர் மிகச் சிலரே. எனவே சூத்திரத்தில் தொடங்காமல், அதே சுற்றை நீங்களே அமைத்து, அளந்து, அந்த எண்கள் ஏன் அப்படி வருகின்றன என்பதைத் தாளில் வரைந்து பார்க்கும் வரிசையில் இதை எழுதியிருக்கிறேன். பள்ளி அளவிலான வடிவியலும் வர்க்கமூலம் காணும் கணிப்பானும் போதும்.

வாங்க வேண்டியவை

முதலில் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். உதிரிபாகக் கடைகளில் 12-0-12, 500 மில்லி ஆம்பியர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெளியே வரும் பக்கத்தில் இதற்கு மூன்று கம்பிகள் இருக்கும். நடுக்கம்பிக்கும் ஓரக்கம்பி ஒன்றுக்கும் இடையில் 12 வோல்ட். இரண்டு ஓரக்கம்பிகளுக்கு இடையில் 24 வோல்ட். இப்போதைக்கு நடுக்கம்பியையும் ஓரக்கம்பி ஒன்றையும் மட்டும் பயன்படுத்தி, மற்றொன்றின் முனையை டேப் சுற்றி ஒதுக்கிவையுங்கள். கடைசிச் சோதனைக்கு அது தேவைப்படும்.

மின்தேக்கிக்கு நான் பரிந்துரைப்பது சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோ ஃபாரடு தேக்கி. எலக்ட்ரிக் கடையில் "ஃபேன் கண்டென்சர்" என்று கேட்டால் தெரியும். அதற்கு நேர் முனை, எதிர் முனை என்ற பேதம் கிடையாது. மாறுதிசை மின்னோட்டத்துக்கென்றே செய்யப்பட்டது. 440 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். நேர், எதிர் குறியிட்ட உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் தேக்கியை எக்காரணம் கொண்டும் இந்தச் சுற்றில் இணைக்கக் கூடாது. ஒவ்வொரு சுழற்சியின் ஒரு பாதியிலும் அது தலைகீழாக மின்னேற்றம் பெற்று, சூடேறி, வெடிக்கக்கூடும்.

மின்தடையங்கள் மூன்று: 470 ஓம் (மஞ்சள், ஊதா, பழுப்பு), 1 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு), 3.3 கிலோ ஓம் (ஆரஞ்சு, ஆரஞ்சு, சிவப்பு). மூன்றையும் அரை வாட் அளவில் வாங்குங்கள். மல்டிமீட்டர் எதுவானாலும் சரி. ஆனால் மிக மலிவான சிறிய மீட்டர்களில் ஏசி அளவுக்கு 200, 750 என்ற இரண்டு நிலைகளே இருப்பதால், 10 வோல்ட் அளவிலான வாசிப்புகளில் அவற்றின் கடைசி இலக்கத்தை முழுதாக நம்ப முடியாது. 20 வோல்ட் ஏசி நிலை உள்ள மீட்டர் கிடைத்தால் நல்லது. ஒரு வரைபடத் தாள், காம்பஸ், மூலைமட்டம் ஆகியவற்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பதற்கு முன்

டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்துக் கம்பிகள் எங்கும் வெளியே தெரியாதபடி மூடப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் தொடுவதற்கு எதுவும் இல்லை; நம் வேலை முழுவதும் 12 வோல்ட் பக்கத்தில்தான். "ஃபேன் கண்டென்சர்தான் 440 வோல்ட் தாங்குமே, நேராகப் பிளக்கில் செருகிப் பார்த்தால் என்ன?" என்ற எண்ணம் எழுந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேக்கி தாங்கும், தவறுதலாக அதைத் தொட்ட கை தாங்காது. தவிரவும், வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு (அதே வெப்பத்தைத் தரும் டிசிக்குச் சமமான அளவு) மட்டுமே. அதன் உச்சம் சுமார் 325 வோல்ட்.

பழைய ஃபேனிலிருந்து கழற்றிய தேக்கியானால், முதலில் அதன் இரு முனைகளையும் அந்த 1 கிலோ ஓம் தடையத்தால் சில விநாடிகள் இணைத்து மிச்ச மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள். பலர் ஸ்க்ரூடிரைவரால் பட்டென்று குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவிடுவார்கள். வேலை நடந்துவிடும் என்பது உண்மை. தேக்கியின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் படலத்துக்கு அது நல்லதல்ல.

சுற்றை அமைத்தலும் மூன்று வாசிப்புகளும்

ஓரக்கம்பியிலிருந்து 1 கிலோ ஓம் தடையம், அதன் மறுமுனையில் தேக்கி, தேக்கியின் மறுமுனை நடுக்கம்பிக்கு. சுற்று அவ்வளவுதான். மின்சாரம் கொடுத்து, மீட்டரை ஏசி வோல்ட் நிலையில் வைத்து, மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: இரு கம்பிகளுக்கும் இடையே, தடையத்தின் குறுக்கே, தேக்கியின் குறுக்கே. மூலத்தின் மின்னழுத்தத்தைச் சுற்று இணைந்திருக்கும்போதே அளப்பது முக்கியம். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர், முழுச் சுமையில்தான் 12 தரும். நம் சுற்று இழுப்பது வெறும் 7 மில்லி ஆம்பியர் என்பதால் 13 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டக்கூடும். அதில் பிழையில்லை. கீழே வரும் எண்கள் எல்லாம் மூலம் 12 வோல்ட் என்று வைத்துக் கணக்கிட்டவை. உங்களுடையது 13.2 என்றால் ஒவ்வொரு வோல்ட் மதிப்பையும் 1.1 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தடையத்தில் 7.4, தேக்கியில் 9.4 என்ற எண்களுக்கு அருகில் உங்களுக்கும் வரும். தடையத்தின் தங்க வளையம் 5 சதவீத வேறுபாட்டைக் குறிக்கிறது; ஃபேன் தேக்கியும் பெரும்பாலும் அதே 5 சதவீதம்தான். ஆகவே முதல் தசம இடத்தில் சிறிது முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் கூட்டுத்தொகை எப்படியும் 12 ஐத் தாண்டியிருக்கும்.

ஒரு மாற்றுச் சோதனையையும் உடனே செய்துபாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரியை இணைத்து, மீட்டரை டிசிக்கு மாற்றி அளந்தால், தேக்கியில் 12 வோல்ட், தடையத்தில் சுழி. கூட்டல் கச்சிதமாகப் பொருந்துகிறது. தடையத்தையும் தேக்கியையும் பெருக்கினால் வரும் கால மாறிலி இங்கே 2.5 மில்லி விநாடிதான். அதன் ஐந்து மடங்கான 12.5 மில்லி விநாடிக்குள் தேக்கி ஏறக்குறைய முழுதாக மின்னேறி, மின்னோட்டம் நின்றுவிடுகிறது. மீட்டரின் முனையை நீங்கள் வைப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

ஏன் கூட்டல் பொருந்தவில்லை?

குழாயடியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிப்பதை எண்ணிப்பாருங்கள். தண்ணீர் வேகமாக விழும் நேரமும் குடம் நிறைந்து நிற்கும் நேரமும் ஒன்றல்ல. தடையத்தின் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. தேக்கியின் மின்னழுத்தமோ அதுவரை வந்து சேர்ந்த மின்னூட்டத்தைப் பொறுத்தது. தேக்கி உச்சத்துக்கு நிறைந்த கணத்தில் மின்னோட்டம் நின்று, திரும்பத் தயாராகிறது. ஆகவே அப்போது தடையத்தில் சுழி. தேக்கி முற்றிலும் காலியாகித் திசை மாறும் கணத்தில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கிறது; தடையத்திலும் உச்சம். இரண்டு உச்சங்களுக்கும் இடையே கால் சுழற்சி இடைவெளி. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால் ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி, கால் சுழற்சிக்கு 5 மில்லி விநாடி.

மீட்டர் காட்டுவது கணநேர மதிப்பு அன்று, பயனுறு மதிப்பு. சைன் அலைக்கு உச்ச மதிப்பை 1.414 ஆல் வகுத்தால் வருவது. எனவே தடையத்தின் 7.4 வோல்ட்டுக்கு உச்சம் 10.5, தேக்கியின் 9.4 வோல்ட்டுக்கு உச்சம் 13.3, மூலத்தின் 12 வோல்ட்டுக்கு உச்சம் 17.0. இந்த மூன்று உச்சங்களும் மூன்று வெவ்வேறு கணங்களில் நிகழ்கின்றன என்பதுதான் விஷயத்தின் சாரம்.

அந்த 20 மில்லி விநாடியைச் சற்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் கணத்தைச் சுழி நேரமாக வைத்துக்கொண்டால், அப்போது தடையத்தில் 10.5 வோல்ட், தேக்கியில் சுழி, மூலத்தில் 10.5. ஏறத்தாழ 2.9 மில்லி விநாடி கழித்துத் தடையம் 6.5 க்கு இறங்கியிருக்கும், தேக்கி 10.5 க்கு ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்து 17.0, அதாவது மூலத்தின் உச்சம். 5 ஆவது மில்லி விநாடியில் தடையத்தில் சுழி, தேக்கியில் 13.3, மூலத்திலும் 13.3. இன்னும் சற்றுத் தள்ளி 7.9 ஆவது மில்லி விநாடிக்குப் போனால் ஒரு வேடிக்கை நடக்கிறது: மூலத்தில் சுழி, ஆனால் தேக்கியில் கூட்டல் 8.2, தடையத்தில் கழித்தல் 8.2. ஒவ்வொரு கணத்திலும் கணக்கு நேர். 1845 இல் கிர்க்காஃப் வகுத்த மின்னழுத்த விதி இங்கே எந்தக் கணத்திலும் மீறப்படவில்லை. வெவ்வேறு நேரத்து உச்சங்களைச் சுருக்கித் தரும் மீட்டர் எண்களை எடுத்து, எல்லாம் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததுபோல் நாம் கூட்டுவதால்தான் சிக்கல் வருகிறது.

காம்பஸை எடுங்கள்

இப்போது வரைபடத் தாளில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரையுங்கள். 1 வோல்ட்டுக்கு 1 சென்டிமீட்டர். இடது முனையைத் தடையம் இணைந்த கம்பி என்றும், வலது முனையைத் தேக்கி இணைந்த கம்பி என்றும் கொள்ளுங்கள். காம்பஸை 7.4 சென்டிமீட்டருக்கு விரித்து இடது முனையிலிருந்து ஒரு வில்; 9.4 க்கு விரித்து வலது முனையிலிருந்து இன்னொரு வில். இரண்டும் வெட்டும் புள்ளியை இரு முனைகளோடும் இணைத்துவிட்டு, அந்த உச்சியில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

செங்கோணம்.

புத்தகங்கள் வழக்கமாகச் செங்கோணத்தை முதலிலேயே வரைந்துகொடுத்து, கர்ணத்தைக் கணக்கிடச் சொல்கின்றன. நான் வேண்டுமென்றே தலைகீழாகச் சொல்கிறேன். செங்கோணம் இருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. மீட்டர் தந்த மூன்று நீளங்களை மட்டும் வைத்து நீங்கள் வரைந்ததில் அது தானாக வந்தது. கால் சுழற்சி என்பது 360 பாகையில் கால் பங்கு, அதாவது 90 பாகை. காலத்தில் இருந்த விலகல் தாளில் கோணமாகத் தெரிகிறது.

அதே தாளில் அடுத்த வேலை. தடையத்தை 470 ஓமுக்கு மாற்றி அளந்தால், தடையத்தில் 4.2, தேக்கியில் 11.3 வரும். 3.3 கிலோ ஓமுக்கு மாற்றினால் 11.2, 4.3. அதே 12 சென்டிமீட்டர் கோட்டின் மேல் இந்த இரு முக்கோணங்களையும் வரையுங்கள். பிறகு கோட்டின் நடுப்புள்ளியில் காம்பஸை ஊன்றி 6 சென்டிமீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் போட்டால், மூன்று உச்சிகளும் அதன் மேலேயே அமரும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று பள்ளியில் படித்த தேற்றம்தான் இது. ஒரு புள்ளி வட்டத்தை விட்டு விலகி நின்றால் அந்த வாசிப்பில் ஏதோ கோளாறு என்று அறிந்து, திரும்ப அளக்கலாம்.

இந்த அரைவட்டத்திலிருந்து கைக்கு அடக்கமான ஒரு சோதனையும் கிடைக்கிறது. தடையம், தேக்கி ஆகியவற்றின் வோல்ட்டுகளைச் சாதாரணமாகக் கூட்டினால் வரும் தொகை, மூலத்தின் மதிப்புக்குக் குறையாது, மூலத்தின் 1.414 மடங்கைத் தாண்டவும் செய்யாது. இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் அந்த உச்ச வரம்பு எட்டும். 12 வோல்ட் மூலத்தில் கூட்டுத்தொகை 17 ஐத் தாண்டினால், தவறாகப் படித்திருக்கிறீர்கள். அல்லது சுற்றுக்குள் எங்கோ ஒரு கம்பிச்சுருள் ஒளிந்திருக்கிறது. ஃபேனில் நடப்பது இந்த இரண்டாவதுதான். மோட்டாரின் சுருள் தேக்கியோடு சேர்வதால், ஓடும் ஃபேனில் தேக்கியின் மின்னழுத்தம் வீட்டு மின்சாரத்தைவிடக் கூடுதலாக இருக்கும். 230 வோல்ட் வீட்டுக்கு 440 வோல்ட் தேக்கி எதற்கு என்ற கேள்விக்கு விடையும் அதில் இருக்கிறது.

கணக்கு

வரைந்து பார்த்த பிறகு கணக்கு எளிது. தேக்கி மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பை மின்மறுப்பு என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் தேக்கியைக் கொள்ளளவி என்றும், மாறுதிசை மின்னோட்டத்தை ஆடலோட்டம் என்றும் அறிந்திருப்பார்கள். மின்மறுப்பைக் காண, 2 × 3.1416 × அதிர்வெண் × மின்தேக்குத்திறன் என்ற பெருக்கலின் தலைகீழியை எடுக்க வேண்டும். 50 ஹெர்ட்சுக்கு மட்டும் வேலை செய்பவர் ஒவ்வொரு முறையும் இதைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 3183 ஐ மைக்ரோ ஃபாரடால் வகுத்தால் ஓம் வந்துவிடும். 3183 ÷ 2.5 = 1273 ஓம்.

தடையத்தின் 1000 ஓமும் தேக்கியின் 1273 ஓமும் செங்கோணத்தில் சேர்கின்றன. ஆகவே மொத்த மின்னெதிர்ப்பு √(1000² + 1273²) = 1619 ஓம். நேராகக் கூட்டி 2273 என்று எழுதிவிட்டால் நான் ஆய்வகத்தில் செய்த அதே பிழைதான் வேறு உருவில் வருகிறது. 12 ÷ 1619 என்றால் மின்னோட்டம் 7.41 மில்லி ஆம்பியர். தொடர்ச்சுற்றில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால், தடையத்தில் 7.41 வோல்ட், தேக்கியில் 9.44 வோல்ட். சரிபார்க்க, 7.41² + 9.44² = 144 (பின்னத்தை விட்டுவிட்டால்); அதன் வர்க்கமூலம் 12.

1273 ஐ 1000 ஆல் வகுத்தால் 1.273; டான்ஜென்ட் மதிப்பு 1.273 ஆக உள்ள கோணம் கிட்டத்தட்ட 52 பாகை. மூலத்தின் மின்னழுத்தம் மின்னோட்டத்துக்கு அத்தனை பாகை பின்தங்குகிறது. காலமாகச் சொன்னால், மேலே பார்த்த 2.9 மில்லி விநாடி. ஒரே வகை உறுப்புகள் பல இருந்தால் அவற்றை முதலில் சாதாரணமாகக் கூட்டிக்கொள்ளலாம், ஏனெனில் அவற்றின் உச்சங்கள் ஒரே கணத்தில் வருகின்றன. 1 கிலோ ஓமோடு 2.5 மைக்ரோ ஃபாரடு தேக்கிகள் இரண்டைத் தொடராகப் போட்டால், ஒவ்வொரு தேக்கியிலும் 5.6, இரண்டும் சேர்ந்து 11.2, தடையத்தில் 4.4. தேக்கிகளுக்குள் நேர்க்கூட்டல், தேக்கிக்கும் தடையத்துக்கும் இடையே செங்கோணக் கூட்டல்.

உறுப்புகள் பெருகி, தொடரிணைப்பும் பக்க இணைப்பும் கலந்த சுற்றாகிவிட்டால் முக்கோணம் வரைவது சிரமம். அப்போது கலப்பெண்களைப் பயன்படுத்துகிறார்கள். 1893 இல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் முன்வைத்த வழி அது. இந்த ஒரு முக்கோணம் மனத்தில் பதிந்தவருக்கு அது புதிய மொழியாகத் தோன்றாது. செங்கோணத்தைக் காட்ட ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வதுதான்.

மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு ஒரு பரிசோதனை

இத்தனையும் தேர்வுக்கு மட்டும் பயன்படுவதல்ல. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது தேக்கியின் தேய்மானத்தை. மின்தேக்குத்திறன் அளக்கும் வசதி இல்லாத மீட்டரை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, தேக்கியைக் கழற்றி, மின்னூட்டத்தை வடித்து, 1 கிலோ ஓமோடு தொடராக நம் 12 வோல்ட் சுற்றில் இணையுங்கள். தடையத்தின் வோல்ட்டைத் தேக்கியின் வோல்ட்டால் வகுத்து 3.18 ஆல் பெருக்கினால் மைக்ரோ ஃபாரடு வந்துவிடும்.

நல்ல தேக்கிக்கு 7.41 ÷ 9.44 × 3.18 = 2.5. கழற்றிய தேக்கியில் 10.4 வோல்ட்டும் தடையத்தில் 5.9 வோல்ட்டும் வந்தால் விடை 1.8 மைக்ரோ ஃபாரடு, மாற்ற வேண்டியதுதான். இந்த முறையின் அழகு, மூலத்தின் வோல்ட் எவ்வளவு என்பதே கணக்கில் வராததில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் 12 தந்தாலும் 14 தந்தாலும் விகிதம் மாறாது. இரண்டு வாசிப்புகளையும் அடுத்தடுத்து எடுத்தால் போதும். தடையத்தின் உண்மையான மதிப்பை முன்னதாகவே ஓம் நிலையில் அளந்து, 990 என்றால் 0.99 ஆல் விடையை வகுத்துவிட்டால் இன்னும் துல்லியம் கூடும். அமெரிக்கா, கனடா போன்ற 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இருப்பவர்கள் 3.18 க்குப் பதிலாக 2.65 ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே 110, 120 வோல்ட்டுக்கு உரிய டிரான்ஸ்ஃபார்மரை வாங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதே தேக்கிகளைத்தான் இன்றைய படிநிலை ஃபேன் ரெகுலேட்டரிலும் காண்கிறோம். பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் தடையத்தால் வோல்ட்டைக் குறைத்தது. அந்த வோல்ட்டெல்லாம் வெப்பமாகிப் பெட்டி சுட்டது. தேக்கியும் வோல்ட்டைக் குறைக்கிறது; ஆனால் கால் சுழற்சியில் வாங்கியதை அடுத்த கால் சுழற்சியில் திருப்பிக் கொடுத்துவிடுவதால் ஏறக்குறைய சூடாவதே இல்லை. நம் சிறு சுற்றிலும் அப்படித்தான்: தடையத்தில் 0.055 வாட் வெப்பமாகிறது; கூடுதல் வோல்ட்டைத் தாங்கும் தேக்கியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

வாசிப்புகள் பிசகும் இடங்கள்

பெரும்பாலான பிசகுகள் மீட்டரின் திருகில்தான். டிசி நிலையில் விட்டுவிட்டு அளந்தால் எங்கும் சுழி காட்டும். தேக்கி போய்விட்டது என்று நினைத்துத் தூக்கியெறிந்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்தது, மூன்று வாசிப்புகளுக்கு இடையில் மீட்டர் நிலையை மாற்றுவது. 20 இல் ஒன்றும் 200 இல் ஒன்றும் எடுத்தால், இரண்டின் பிழைகளும் வேறுவேறாக இருப்பதால் முக்கோணம் கோணும்.

மீட்டரும் ஒரு தடையமே என்பதையும் மறக்கக் கூடாது. 1 கிலோ ஓமின் குறுக்கே அதை வைத்தால் பாதிப்பு தெரியாது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோ ஓம் தடையத்தோடும் அதே அளவு மின்மறுப்பு காட்டும் மிகச் சிறிய தேக்கியோடும் இதே சோதனையைச் செய்தால், மீட்டர் தன் பங்குக்கு மின்னோட்டத்தை இழுத்து வாசிப்பைக் குறைத்துவிடும். கூட்டுத்தொகை 12 க்கும் கீழே போய் உங்களைக் குழப்பவும் கூடும். சைன் அல்லாத அலைகளுக்கு, உதாரணமாக மலிவான இன்வெர்ட்டரின் சதுர அலைக்கு, மேலே சொன்ன எந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது. சாதாரண மீட்டரின் ஏசி வாசிப்பே அங்கு நம்பத்தக்கதன்று. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் சோதனை செய்துவிட்டு முக்கோணம் மூடவில்லையே என்று வருந்த வேண்டாம்.

ஒதுக்கிவைத்த கம்பி

இப்போது டேப் சுற்றிய அந்த மூன்றாவது கம்பியை எடுங்கள். தடையமும் தேக்கியும் இரண்டு ஓரக்கம்பிகளுக்கு இடையில் இணையட்டும். மூலம் 24 வோல்ட். நடுக்கம்பி எதோடும் சேராமல் தனியே நிற்கட்டும். 1 கிலோ ஓமில் இப்போது 0.22 வாட் வெப்பமாகிறது. அரை வாட் தடையம் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். மீட்டரின் ஒரு முனையை நடுக்கம்பியிலும் மறுமுனையைத் தடையமும் தேக்கியும் சந்திக்கும் புள்ளியிலும் வையுங்கள். 12 வோல்ட் காட்டும். 470 ஓமுக்கு மாற்றுங்கள், 12. 3.3 கிலோ ஓமுக்கு மாற்றுங்கள், அப்போதும் 12.

தாளில் வரைந்த அரைவட்டத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். மூலம் விட்டம்; நடுக்கம்பி அதன் மையம்; சந்திப்புப் புள்ளி வட்டத்தின் மேல் எங்கே நகர்ந்தாலும் மையத்திலிருந்து அதன் தொலைவு ஆரம்தான். மாறுவது கோணம் மட்டுமே: தடையத்தைச் சுழியிலிருந்து மிகப் பெரிய மதிப்புவரை கூட்டிக்கொண்டே போனால், அந்தப் புள்ளி அரைவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 180 பாகை நகர்கிறது. வோல்ட் மாறாமல் நேரத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டிய இடங்களில், குறிப்பாகத் தைரிஸ்டரை (தூண்டினால் மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கும் குறைக்கடத்திச் சாவியை) இயக்கும் பழைய கட்டுப்பாட்டுச் சுற்றுகளில், இந்த அமைப்பைப் பயன்படுத்தினார்கள்.

மீட்டரால் இந்த நகர்வைக் காண முடியாது. அதற்கு, அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் வேண்டும். கல்லூரியிலோ நண்பரின் பட்டறையிலோ இரட்டைத் தட ஆஸிலாஸ்கோப் கிடைத்தால், அதன் நிலக் கிளிப்பை நடுக்கம்பியிலும், முதல் தடத்தைத் தடையம் இணைந்த ஓரக்கம்பியிலும், இரண்டாம் தடத்தைச் சந்திப்புப் புள்ளியிலும் மாட்டி, தடையங்களுக்குப் பதில் 10 கிலோ ஓம் திருகு தடையத்தோடு 470 ஓமைத் தொடராகச் சேர்த்து மெல்லத் திருகுங்கள். திரையில் இரண்டு அலைகளும் ஒரே உயரத்தில் நிற்க, இரண்டாவது மட்டும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும்.